விழுந்த பாலத்தில் தொடங்கும் படிப்பு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு வரும் ஏ-35 வீதி, நந்திக்கடல் பெருங்கடலோடு சேரும் இடத்தில் வட்டுவாகல் பாலமாகிறது. தாழ்ந்த, ஒடுங்கிய, பழைய பாலம். எதிரே பேருந்து வந்தால் இந்தக் கரையில் நின்று வழிவிட வேண்டும். மாரியில் களப்பு பெருகினால் தண்ணீர் பாலத்துக்கு மேலால் பாயும். 2009 மே மாத நடுவில், முள்ளிவாய்க்காலில் எஞ்சியிருந்த சனம் இந்தப் பாலத்தைக் கடந்துதான் வெளியே வந்தது. தாயின் இடுப்பிலும் தகப்பனின் தோளிலும் அன்று வந்த பிள்ளைகளுக்கு இரண்டு வயது, மூன்று வயது. பிறகு மெனிக் பாம் முகாம். பிறகு தகரக் கொட்டில். பிறகு மரத்தடி வகுப்பு. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது உயர்தரம் எழுதி முடித்துப் பல்கலைக்கழக வாசலில் நிற்கிறார்கள்.

கணிதப் பிரிவில் படித்த பிள்ளை இருக்கிற வீடு என்றால், முள்ளியவளையோ புதுக்குடியிருப்போ ஒட்டுசுட்டானோ, பெறுபேறு வந்த கிழமையிலேயே கனடாப் பேச்சு வந்துவிடும். ஸ்காபரோவில் ஒரு மாமா இருப்பார். பிரம்டனில் ஒரு சித்தி இருப்பார். "இஞ்ச வந்து எஞ்சினியரிங் படிக்கட்டுமன்" என்று தொலைபேசியில் ஒரு வசனம் வரும். அன்றிரவு அந்த வீட்டில் ஒருவரும் சரியாக நித்திரை கொள்ள மாட்டார்கள். அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் எவ்வளவு படிப்பு, எவ்வளவு பணம், எவ்வளவு தனிமை இருக்கிறது என்பதைப் பிள்ளையும் பெற்றவர்களும் பேசி முடித்த பிறகு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு மோதிரத்தைப் பற்றி.

கனடாவில் பொறியியல் முடிக்கும் மாணவர்கள் இறுதியாண்டில் ஒரு சடங்குக்குப் போகிறார்கள். அங்கே உறுதிமொழி எடுத்து ஓர் இரும்பு மோதிரத்தை அணிந்துகொள்கிறார்கள். தங்கமில்லை, கல்லில்லை. ஓரம் கரடுமுரடாகத் தட்டப்பட்ட சின்ன வளையம். இப்போது பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்கில் செய்கிறார்கள். அதை எழுதும் கையின் சுண்டுவிரலில்தான் போட வேண்டும். வரைபடத்தின் மேல் கை நகரும்போதெல்லாம் மோதிரம் தாளில் உரசும். உன் கணக்கில் மனித உயிர் இருக்கிறது என்பதை அந்த உரசல் நினைவூட்ட வேண்டும் என்பதே நோக்கம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சுரங்கப் பொறியியல் பேராசிரியர் ஹோல்ட்டெய்ன் 1922இல் இந்த யோசனையைச் சொன்னார். உறுதிமொழியை எழுதிக் கொடுத்தவர் எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங். 1925 ஏப்ரலில் மொன்றியலில் முதற்சடங்கு நடந்தது.

இந்த மோதிரத்தைப் பற்றிப் பேசும் எவரும் கியூபெக் பாலத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை. 1907 ஆகஸ்ட் 29, வேலை முடிகிற மாலை நேரம். சென் லோரன்ஸ் ஆற்றின் மேல் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பெரும் பாலத்தில் 86 பேர் நின்றிருந்தார்கள். சில விநாடிகளில் இரும்பு முழுவதும் ஆற்றுக்குள் போனது. 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடித் தொழிலாளர்கள். ஓர் ஊரில் ஒரே மாலையில் அத்தனை பெண்கள் விதவைகளானால் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று வன்னி வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஏன் விழுந்தது? நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினார்கள். அதனால் கூடிய பாலத்தின் சொந்த நிறையை உரிய நேரத்தில் திரும்பக் கணக்கிடவில்லை. பிழை தெரிந்தபோது கணிசமான அளவு இரும்பு ஏறிவிட்டது. பொறுப்பான ஆலோசகப் பொறியியலாளர் தியோடர் கூப்பர் முதுமையிலும் நோயிலும் நியூயோர்க்கில் இருந்தார். வேலைத்தலத்துக்கு அவர் வருவதில்லை. கீழ்ச்சட்டங்கள் வளையத் தொடங்கியதை நாட்கணக்காகவே கண்டார்கள். ஓர் இளம் பொறியியலாளர் அந்தச் செய்தியோடு நியூயோர்க்குக்கு ரயிலேறிப் போனார். இனிமேல் பாரம் ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி அடித்தார். ஆனால் தந்தி போனது பென்சில்வேனியாவில் இருந்த கம்பனிக்கு. கியூபெக்கில் வேலை நின்றபாடில்லை. அன்று மாலையே பாலம் விழுந்தது. திரும்பக் கட்டியபோது 1916 செப்டெம்பரில் நடுத்துண்டு விழுந்து இன்னும் 13 பேர் இறந்தார்கள். 1917இல் கட்டி முடித்த அந்தப் பாலம், 549 மீற்றர் இடைவெளியோடு, தன் வகையில் உலகிலேயே நீளமானதாக இன்றும் நிற்கிறது. முதல் மோதிரங்களை விழுந்த பாலத்து இரும்பில்தான் செய்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையில்லை. பாலம் கற்பித்த பாடம் மட்டும் உண்மை.

நம்முடைய பாடசாலைகளில் பொறியியல் என்பது உயர்ந்த இசட் புள்ளிக்குக் கிடைக்கும் பரிசு. அங்கே அது தன் பிழையைச் சொல்லித் தொடங்குகிறது. இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. உடைந்த பாலம், உடைந்த வீடு, உடைந்த குளக்கட்டு எல்லாவற்றையும் கண்ணால் கண்டு வளர்ந்த ஒரு முல்லைத்தீவுப் பிள்ளைக்கு, அந்த வகுப்பில் எவரையும் விட அந்தப் பாடம் விளங்கும்.

காவியும் வெக்டரும்

முதலாம் ஆண்டு வகுப்பறைக்குள் போவோம். நம் பிள்ளை உயர்தரத்தைத் தமிழில் படித்தது. 'காவி' என்று படித்ததை அங்கே வெக்டர் என்கிறார்கள். தொகையீடு இன்டெகிரேஷன். உந்தம் மொமென்ரம். தகைப்பு ஸ்ட்ரெஸ். முதல் இரண்டு கிழமை, தெரிந்த விசயமே தெரியாததுபோல மண்டைக்குள் இரைச்சலாக இருக்கும். மூன்றாம் கிழமையில் நிலையியல் கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவார்கள். பார்த்தால், இணைந்த கணிதத்தில் போவின் குறியீடு போட்டுச் செய்த அதே சட்டப்படல்! பக்கத்துக் கதிரைக்காரர் கணினியைத் திறந்துகொண்டிருக்கும்போது நம் பிள்ளை பென்சிலால் விடையை எடுத்துவிடும். இலங்கை உயர்தரக் கணிதத்தின் கனம் அங்கே போன பிறகுதான் தெரிகிறது. ரியூசன் கொட்டிலில் வியர்க்க வியர்க்கச் செய்த கணக்கு ஒன்றும் வீண்போகவில்லை.

பிள்ளை தடுமாறும் இடங்கள் வேறு. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பொருளை வடிவமைக்க வேண்டும். அதை ஏன் அப்படிச் செய்தோம் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். கணினி நிரல் எழுத வேண்டும். ஆய்வுகூடத்தில் அளவீடு பிழைத்தால், பிழைத்தது என்றே அறிக்கையில் எழுதிக் காரணமும் சொல்ல வேண்டும். நமக்கோ விடை சரியாக வரும்வரை அளவீட்டைத் திருத்துவதுதான் பழக்கம். நண்பனின் ஒப்படையைப் பார்த்து எழுதினால் அங்கே அது ஒழுக்கக் குற்றம். விசாரணை வரும். பூச்சியம் போடுவார்கள், சில வேளைகளில் இடைநிறுத்தவும் செய்வார்கள். ஊரில் உதவி என்று நினைத்த ஒன்று அங்கே குற்றமாக இருக்கிறது என்பதைப் போக முன்னரே பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

விரிவுரையாளரிடம் கேள்வி கேட்பதும் அப்படித்தான். கிழமையில் சில மணி நேரம் அவர் அறைக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார். வாத்தியாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை ஒரு தவணை முழுவதும் அந்தக் கதவைத் தாண்டிப் போகும், உள்ளே நுழையாது. நுழைந்த பிள்ளைகளின் புள்ளிகள் வேறாக இருக்கும்.

புதிய மாணவர் வரவேற்பு வாரத்தில் ரொறன்ரோவின் பொறியியல் மாணவர்கள் உடம்பெல்லாம் ஊதாச் சாயம் பூசிக்கொண்டு தெருவில் பாட்டும் மேளமுமாகப் போவார்கள். மூத்த மாணவர்களும் அதே ஊதாவில் கூடப் போவார்கள். இதைப் பார்க்கும்போது நெஞ்சில் ஒரு வலி எழுகிறது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் புதுமுக மாணவராகச் சேர்ந்த வரப்பிரகாஷ், பகிடிவதையால் சிறுநீரகம் பழுதாகி இறந்தார். அடுத்த ஆண்டே பகிடிவதையைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வந்து இத்தனை காலமான பிறகும் நம் பீடங்களில் பகிடிவதை ஒழியவில்லை. புதிதாக வந்த பிள்ளையை வரவேற்க வேறு வழி இருக்கிறது என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன்.

பெண் பிள்ளையை அனுப்ப யோசிக்கும் தாய்மாருக்கு இன்னொரு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989 டிசம்பர் 6 அன்று மொன்றியலின் எக்கோல் பொலிடெக்னிக் பொறியியல் கல்லூரிக்குள் துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன், பெண்களைத் தனியாகப் பிரித்துச் சுட்டான். 14 பெண்கள் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் பொறியியல் மாணவிகள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கனடாவின் பொறியியல் பீடங்கள் வெள்ளை ரிப்பன் அணிந்து அவர்களை நினைவுகூருகின்றன. புதிதாக உரிமம் பெறும் பொறியியலாளர்களில் 2030க்குள் 30 வீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்று அந்தத் துறை இலக்கு வைத்திருக்கிறது. இறந்தவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூரும் ஒரு வளாகத்தில் வன்னிப் பெண்பிள்ளை தன்னை அந்நியமாக உணராது என்று நம்புகிறேன்.

விடிய ஆறு மணி, இரவு எட்டரை

முல்லைத்தீவில் விடிய ஆறு மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு எட்டரை. குளிர்காலத்தில் ஏழரை. அம்மா அடுப்பு மூட்டும் நேரத்தில் பிள்ளை படித்துக் களைத்துப்போய் இருக்கும்.

"சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா."

"என்ன சாப்பாடு?"

"சோறும் பருப்பும்."

"குளிருக்குப் போர்த்திக்கொண்டு போ, என்ன?"

"ஓம்."

இடைத்தவணைப் பரீட்சையில் 48 புள்ளிதான் வந்தது என்பதைப் பிள்ளை சொல்லாது. வீட்டில் அடகு வைத்த சங்கிலியை இன்னும் மீட்கவில்லை என்பதை அம்மா சொல்லமாட்டார். இந்த மௌனம் இரண்டு பக்கத்தையும் அரித்துவிடும். யூலை முதலாம் திகதி கனடா தினத்துக்கு வானவேடிக்கை விடுவார்கள். ஊரே வெளியே நின்று பார்க்கும்போது, அந்த வெடிச்சத்தம் தாங்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையும் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் உளவளத் துணையாளர்கள் இருக்கிறார்கள். கட்டிய கட்டணத்துக்குள் அந்தச் சேவையும் அடக்கம். போய் இருந்து பேசச் சொல்லுங்கள்.

படித்துக்கொண்டே உழைக்கலாம்தானே என்பார்கள். 2024 நவம்பரிலிருந்து, வெளிநாட்டு மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் கிழமைக்கு 24 மணி நேரம் மட்டுமே வளாகத்துக்கு வெளியே வேலை செய்யலாம். பண்டகசாலையில் இரவு முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டுக் காலை எட்டரைக்கு வெப்பவியக்கவியல் வகுப்பில் இருப்பது எவ்வளவு நாளைக்கு முடியும்? கைச்செலவுக்கு அந்த உழைப்பு காணும். கட்டணத்துக்குக் காணவே காணாது.

மெச்சத்தக்க ஓர் ஏற்பாடும் அங்கே உண்டு. கோ-ஒப் என்பார்கள். வோட்டர்லூப் பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியதே இந்த முறையோடுதான். நாலு மாதம் வகுப்பு, நாலு மாதம் கம்பனியில் சம்பளத்தோடு வேலை, திரும்ப வகுப்பு. பட்டம் வாங்கும்போது ஆறு வேலைத் தவணைகளின் அனுபவம் கையில் இருக்கும். முதல் நேர்முகத்தில் தோற்று, பத்தாவது நேர்முகத்தில் தேறி, வேலைத்தலத்தில் தலைக்கவசத்தோடு நிற்கிற மாணவர், நாலு வருடம் புத்தகத்தோடு மட்டும் இருந்தவரை விட வேறு மாதிரி யோசிப்பார். நம் நாட்டுப் பீடங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். நம்மிடம் உள்ள தொழிற்பயிற்சிக் காலம் மிகவும் குறுகியது.

காணி உறுதி

இனிக் காசுக் கணக்கு. இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ரொறன்ரோ, வோட்டர்லூ போன்ற பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் ஒருவரின் பொறியியல் இளமாணிக் கட்டணம் வருடத்துக்கு 60 ஆயிரம் கனடிய டொலரைத் தாண்டும். இலங்கைக் காசில் ஒன்றேகால் கோடிக்கு மேல். நாலு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒன்ராறியோவில் நிரந்தரமாக வதியும் குடும்பத்துப் பிள்ளைக்கு அதே கதிரைக்கு ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். 2010 ஓகஸ்டில் 492 தமிழர்களோடு எம்.வி. சன் சீ கப்பல் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. அதில் வந்த குழந்தைகளும் பல்கலைக்கழக வயதுக்கு வந்துவிட்டார்கள். அங்கே தங்க உரிமை பெற்ற பிள்ளைக்கு ஒரு கட்டணம், ஊரில் தங்கிவிட்ட மச்சாளுக்கு நாலு மடங்கு. ஸ்காபரோ மாமா தன் மகளுக்குக் கட்டியதை வைத்துக் கணக்குச் சொல்வார். அந்தக் கணக்கு உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது.

கட்டணத்துக்கு மேலே வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதாகவும் காட்ட வேண்டும். நெடுங்காலம் 10 ஆயிரம் டொலராக இருந்த அந்தத் தொகையை 2024 ஜனவரியில் 20,635 ஆக்கினார்கள். 2025 செப்டெம்பரிலிருந்து 22,895. நம் காசில் அரைக் கோடிக்குக் கிட்ட. அதே 2024 ஜனவரியில், புதிய மாணவர் அனுமதிகளைச் சுமார் 3 இலட்சத்து 60 ஆயிரமாக மட்டுப்படுத்துவதாகவும் கனடா அறிவித்தது. முந்திய ஆண்டை விட 35 வீதம் குறைவு. கதவு ஒடுங்கிவிட்டது. "இடம் எடுத்துத் தாறன், காசைக் கட்டுங்கோ" என்று வருகிற தரகர் இதைச் சொல்லமாட்டார். போலி அனுமதிக் கடிதத்தோடு போன இந்திய மாணவர்கள் பலர் நாடுகடத்தலை எதிர்கொண்ட செய்தி 2023இல் வந்தது. அந்த டிசம்பரிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் அந்தந்தக் கல்வி நிறுவனமே உறுதிப்படுத்த வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டார்கள்.

முல்லைத்தீவில் காணி உறுதி என்பது வெறும் கடதாசியா? முகாமிலிருந்து திரும்பி வந்து, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, மீட்டெடுத்த நிலம் அது. முதற்பட்டத்துக்காக அதை விற்காதீர்கள். என் முடிவு இதுதான். உழைப்பில்லாமல் பணம் இருக்கிற குடும்பத்துக்கு இதைச் சொல்லவில்லை. நெல்லும் கச்சானும் விதைத்து, சிறுகடலில் இறால் பிடித்துப் பிள்ளையைப் படிப்பித்தவர்களுக்குச் சொல்கிறேன்.

வேறு வழி இருக்கிறது. அது கிளிநொச்சியில் தொடங்குகிறது.

ஏ-9 வீதியில் கிளிநொச்சி நகரைக் கடந்து முறிகண்டிப் பக்கம் போனால் அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அங்கே இருக்கிறது. முதல் அணி மாணவர்கள் 2014இல் நுழைந்தார்கள். கட்டடங்களுக்கு இந்திய அரசின் நிதியும் உதவியது. அந்த நகருக்குள்ளேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் 2016இலிருந்து இயங்குகிறது. அரச பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு அந்தப் பதினாறில் ஒன்று. படிப்பு இலவசம். ஆங்கிலத்தில் நடக்கிறது. முல்லைத்தீவிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்.

அங்கே நாலு வருடம் நன்றாகப் படித்த பிள்ளைக்குக் கனடா வேறு விதமாகத் திறக்கும். ஆய்வேட்டோடு கூடிய முதுமாணிப் படிப்புக்குப் பேராசிரியர் ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஆய்வு உதவியாளராகவும் கற்பித்தல் உதவியாளராகவும் உதவித்தொகை கிடைக்கும். பேராதனையிலிருந்தும் மொறட்டுவையிலிருந்தும் காலங்காலமாக மாணவர்கள் போவது இந்த வழியால்தான். ஆய்வில்லாமல் பாடம் மட்டும் படிக்கும் முதுமாணிக்கு அநேகமாகச் சொந்தக் காசு கட்ட வேண்டும். இரண்டின் பெயரும் ஒன்றுபோலவே கேட்கும், விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். 2026 ஜனவரி முதல், கனடாவின் அரச பல்கலைக்கழகங்களில் முதுமாணி, கலாநிதிப் படிப்புக்குப் போவோர் மாணவர் அனுமதிக்கு மாகாண அத்தாட்சிக் கடிதம் காட்டத் தேவையில்லை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானதால், அதன் தரச்சான்று பெற்ற பட்டங்களைக் கனடாவும் சமமாக மதிக்கிறது. ஒன்ராறியோவில் உரிமம் பெறக் கனடிய வேலை அனுபவம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் 2023 மே மாதத்தில் நீக்கிவிட்டார்கள்.

வெளியே போய்ப் படித்துத் திரும்பியவர்கள் நமக்கு இல்லாமல் இல்லை. ஹாட்லிக் கல்லூரியில் படித்த அ. துரைராஜா, கேம்பிரிட்ஜில் மண் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வை உலகம் மதித்தது. அவர் திரும்பி வந்து பேராதனையில் கற்பித்தார், பீடாதிபதியானார். 1988இலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக, குண்டு விழும் நாட்களிலும் அந்த வாசலைத் திறந்து வைத்திருந்தார். விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சிக்கு வந்தது அவருடைய காலத்தில்தான். 1994இல் மறைந்தார். அறிவியல் நகரில் இன்று கொங்கிறீற்றுக் குற்றியை உடைத்துச் சோதிக்கிற மாணவி, அந்த மனிதர் போட்ட தடத்தில்தான் நிற்கிறாள்.

வட்டுவாகலில் புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. மண்ணைச் சோதிப்பது, வெள்ளத்தின் உயரத்தைக் கணிப்பது, உப்புக் காற்றில் இரும்பு எத்தனை வருடம் தாங்கும் என்று பார்ப்பது எல்லாம் நம் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலைகள். இந்தக் களப்பின் மாரியை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

கடைசியாக, ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் அல்பேர்ட்டாவிலும் சுண்டுவிரலில் அந்த மோதிரத்தோடு இருக்கும் தமிழ்ப் பொறியியலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் நகரிலிருந்து, உங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு மாணவர் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவார். எந்தப் பேராசிரியருக்கு எழுதலாம், என் ஆய்வுத் திட்டம் சரியா, விண்ணப்பக் கட்டணம் இல்லாமல் வழி உண்டா என்று கேட்பார். அதற்குப் பதில் போடுங்கள். மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு, அரை மணி நேரம்.